கப்பி மீனும் கேப்சூல் மருந்தும்

திருப்போரூர் வட்டாரத்து முட்டுக்காட்டில் சிபா என்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வுப் பண்ணை இருக்கிறது. இறாலும் கொடுவாவும் மட்டுமல்ல, தொட்டியில் வளர்க்கும் வண்ண மீன்களையும் அங்கே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள்.

இறால் பண்ணைக்காரர்களுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்கின் சுவடு இறாலில் தெரிந்தால் போதும், ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வந்துவிடும். அதனால் சோதனை உண்டு, தடைசெய்த மருந்துகளின் பட்டியல் உண்டு. ஆனால் வண்ண மீனை யாரும் குழம்பு வைப்பதில்லை. அதற்கு என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்பாரும் குறைவு.

கப்பியோ கோல்டு பிஷ்ஷோ சோர்ந்து மிதந்தால், டெட்ராசைக்ளின் எனும் ஆன்டிபயாட்டிக் கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் மஞ்சளாகும். மீன் வாடியதற்குக் காரணம் பல நேரம் அழுக்குத் தண்ணீரில் ஏறிய அம்மோனியா. உடம்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது ஒட்டுண்ணியின் வேலை. இந்த இரண்டையும் டெட்ராசைக்ளின் தீர்க்காது. ஆனால் தொட்டியில் உள்ள பாக்டீரியாக்களில் மருந்தைத் தாங்கக்கூடியவை மட்டும் தப்பிப் பெருகும்.

2009இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வண்ண மீன்களிலும் அவை வந்த தண்ணீரிலும் கிடைத்த ஏரோமோனாஸ் பாக்டீரியாவில் 94 மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் 47, அதாவது சரிபாதி, 15 அல்லது அதற்கும் அதிகமான ஆன்டிபயாட்டிக்குகளைத் தாங்கி நின்றன. இலங்கையின் வண்ண மீன் பண்ணைகளிலும் மருந்துக்கு அடங்காத ஏரோமோனாஸைக் கண்டிருக்கிறார்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது இதற்கு அடுத்த கட்டம். அந்த எதிர்ப்புத் திறன் பிளாஸ்மிட் எனும் சின்ன டி.என்.ஏ. வளையத்தில் ஏறி, வேறு இனத்து பாக்டீரியாவுக்கும் போய்ச்சேரும். மனிதரைப் படுக்கவைக்கும் கிருமிக்கும் போகலாம்.

தொட்டியிலிருந்து கிருமி நேராகவும் நமக்கு வரலாம்; கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டியைக் கழுவ வேண்டாம். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி உள்ளே போனால் தோலில் கட்டி கட்டியாக வரும், மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். ஆறாத புண்ணோடு டாக்டரிடம் போகிறவர்கள், வீட்டில் மீன் தொட்டி இருப்பதைத் தவறாமல் சொல்லுங்கள்.

புது மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். பையில் வந்த தண்ணீரைத் தொட்டியில் சேர்க்காதீர்கள். குளத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் கொட்டவே கொட்டாதீர்கள். மீன் நோயென்றால் கேட்பதற்கு வாணியஞ்சாவடியில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. இறாலுக்கு வைத்திருக்கும் சோதனையை வண்ண மீன் பண்ணைகளுக்கும் அரசு கொண்டுவர வேண்டும். சாப்பிடாத மீன்தானே என்று விட்டுவைக்க இனி நியாயமில்லை.