உங்கள் பெயரில் மெயில் போடுவது யார்?

ஆலங்குளம், ராஜபாளையம் வட்டாரத்தில் இன்று மெயில் இல்லாமல் வியாபாரம் இல்லை. சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி கடல் தாண்டிப் போகிறது. ஆர்டர், பில், பேங்க் கணக்கு எண் எல்லாம் மெயிலில்தான். அது நீங்கள் அனுப்பியதுதானா என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

மெயில் போக்குவரத்துக்கு 1982இல் வகுத்த விதி, அனுப்புகிறவர் யாரென்று கேட்கவே இல்லை. தபால் உறையில் அனுப்புநர் பெயரை யாரும் எழுதிவிடலாமே, அந்தக் கதைதான். அதே ஆண்டில்தான், சிறுவயதில் நம் முகவூரில் வளர்ந்த சிவா அய்யாதுரை, 'ஈமெயில்' என்ற தன் நிரலுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமைப் பதிவு வாங்கினார். மின்னஞ்சலைக் கண்டுபிடித்ததே தான்தான் என்கிறார், வரலாற்றாளர்கள் ஒப்பவில்லை. அந்தப் பஞ்சாயத்து இன்றைக்கு வேண்டாம்.

எங்கோ இருக்கிற ஒருவன் உங்கள் கம்பெனி முகவரியைப் போட்டு, "கணக்கு எண் மாறிவிட்டது, மீதிப் பணத்தை இதில் கட்டுங்கள்" என்று எழுதினால்? துணியும் போச்சு, பணமும் போச்சு.

இதற்கு உங்கள் டொமைனில் மூன்று பதிவுகள் வேண்டும். நம் பெயரில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்பதை எஸ்.பி.எஃப். சொல்லும். டீகிம் ஒவ்வொரு மெயிலிலும் டிஜிட்டல் கையெழுத்துப் போடும். இரண்டில் ஒன்றுகூடப் பொருந்தாத மெயிலை விடுவதா, ஸ்பாமில் தள்ளுவதா, திருப்புவதா என்பதை டிமார்க் தீர்மானிக்கும். டிமார்க்கை முதலில் கண்காணிப்பில், அதாவது எதையும் தடுக்காமல் விடுகிற நிலையில், வையுங்கள். எடுத்த எடுப்பில் 'திருப்பு' என்று போட்டால் உங்கள் பில்லிங் சாப்ட்வேர் அனுப்புகிற மெயிலும் திரும்பிவிடலாம். பலர் கண்காணிப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது பூட்டை வாங்கிப் பூட்டாமல் வைத்திருப்பதுதான்.

கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து கெடுபிடி செய்கின்றன. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மெயில் அனுப்புகிறவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். இல்லையென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடையின் தீபாவளி அறிவிப்பும் ஸ்பாமில்தான் கிடக்கும்.

சோதிப்பது சுலபம். கம்பெனி மெயிலிலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' கொடுங்கள். மூன்றுக்கும் 'பாஸ்' என்று வர வேண்டும். வராவிட்டால் வெப்சைட் செய்து கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

ஓர் எழுத்தை மாற்றிப் போலி டொமைன் வாங்குகிறவனை இந்த மூன்றும் தடுக்காது. அதனால், கணக்கு எண் மாறியதாக மெயில் வந்தால் போனில் கேட்காமல் பணம் கட்டாதீர்கள் என்று பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். உங்கள் பணமே போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.