பிச்சை அல்ல, பங்கு கேட்கிறோம்

(ஜனக்புரியில் நடந்த சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் நமக்கு மூச்சுவிட நேரம். அந்த நாளிலும் வேலையைப் போட்டுவிட்டு ஜனக்புரி வரை வந்திருக்கிறீர்கள். எனவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

ரேஷன் அட்டை பற்றிப் பேசியிருக்கிறோம். குடிசை இடிப்பு பற்றியும் கூலி பற்றியும் பேசியிருக்கிறோம். ஒன்றைப் பற்றி மட்டும் பேசாமலே இருந்துவிட்டோம். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். இன்று பேச்சு அவர்களைப் பற்றித்தான்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தாய் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். தகப்பனாருக்குக் கட்டட வேலை. பையனுக்கு வயது பதினான்கு. பேச்சு வரவில்லை, தனியாக விட முடியாது. காலை ஆறு மணிக்குத் தாய் கிளம்பினால் பையனை யார் பார்ப்பது? அக்காள் பார்க்கிறாள். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. அரசு செலவழிக்காமல் விட்ட பணத்தை அந்த வீட்டில் ஒரு சிறுமி தன் படிப்பைக் கொடுத்துக் கட்டுகிறாள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1995இல் ஒரு சட்டம் வந்தது. 1999இல் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறை, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கென்றே தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி, மற்றவர்க்குத் தரும் உதவியைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதல் உதவி, அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. ஆனால் உதவித் திட்டங்களைச் சொல்லும் 24ஆம் பிரிவின் தொடக்கத்திலேயே, அரசின் 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்று ஒரு வாசகத்தைச் சேர்த்துவிட்டார்கள். கொடுக்கிற கையை அந்த வாசகம் பிடித்து நிறுத்துகிறது.

விளைவைப் பாருங்கள். மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியம் 2009இல் 200 ரூபாயில் தொடங்கி 2012இல் 300 ஆனது. அதன் பிறகு மத்திய அரசின் பங்கு நகரவில்லை. அதுவும் 18 வயதுக்கு மேல், வறுமைக் கோட்டுக்குக் கீழ், 80 சதவீதக் குறைபாடு இருந்தால்தான். இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை ஆட்டோவில் போய் வந்தால் 300 ரூபாய் தீர்ந்துவிடும். அதே அரசு, வரி கட்டுகிற குடும்பத்துக்கு இதே காரணத்துக்காக 75,000 ரூபாயும், கடும் குறைபாடானால் 1,25,000 ரூபாயும் பழைய வருமான வரி முறையில் கழிவு தந்தது. அவர்களுக்குத் தந்ததை நாம் குறை சொல்லவில்லை. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத தாய்க்கு என்ன தந்தீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

தில்லி அரசு பல ஆண்டுகளாக 2,500 ரூபாய் என்ற அளவில் வழங்கி வந்தது. நல்லதுதான். ஆனால் ஐந்தாண்டு தில்லியில் குடியிருந்ததற்குச் சான்று கேட்டார்கள். வாடகைப் பத்திரம் எழுதித் தர மறுக்கும் வீட்டுக்காரரிடம் இருக்கும் நாம் சான்றுக்கு எங்கே போவது? ஊரில் கேட்கலாம் என்றால், தமிழ்நாட்டு அரசின் பராமரிப்பு உதவித்தொகை அங்கே குடியிருப்போருக்கு. ஊரிலும் இல்லை, இங்கும் இல்லை. ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று 2016 சட்டத்தின் 58ஆம் பிரிவு சொல்கிறது. சான்றிதழ் மட்டும் ரயில் ஏறி வரலாம், உதவித்தொகை வரக்கூடாதா?

பள்ளியில் பத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆசிரியருக்குச் சம்பளம் ஒதுக்காமல் தீர்ப்பு வகுப்பறைக்கு வராது.

தாய் தகப்பனுக்குப் பின் என்ன ஆகும் என்பது நம்மைத் தூங்கவிடாத கேள்வி. தில்லி அரசின் விடுதியான ஆஷா கிரண் ரோகிணியில் இருக்கிறது. 2024 ஜூலையில் ஒரே மாதத்தில் அங்கே பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு, நெரிசலைக் குறைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பணமும் ஆளும் குறைந்த இடத்தில் நூற்றுக்கணக்கானவர்களை அடைத்தால் அது பராமரிப்பு ஆகாது.

பணம் இல்லை என்பார்கள். ஆஸ்திரேலியாவில் 2013இல் ஊனமுற்றோருக்கான தேசியத் திட்டம் தொடங்கியபோது, அதற்காக மருத்துவ வரியை 1.5 சதவீதத்திலிருந்து 2 ஆக்கினார்கள். மக்களும் ஏற்றார்கள். நாமும் சோப்பிலிருந்து செல்போன் ரீசார்ஜ் வரை வரி கட்டுகிறவர்கள்தான். நாம் கேட்பது தருமம் அல்ல, நம் பங்கு.

ஆகவே நம் கோரிக்கைகள்: மத்திய ஓய்வூதியம் வாழக்கூடிய தொகையாக உயர வேண்டும், 80 சதவீத நிபந்தனை 40 ஆக வேண்டும். சான்றிதழ் உள்ளவருக்குக் குடியிருப்பு நிபந்தனை கூடாது. காலை ஆறு முதல் மாலை வரை இயங்கும் பகல் பராமரிப்பு மையத்தை அரசே ஒவ்வொரு வட்டாரத்திலும் நடத்த வேண்டும். பெற்றோருக்குப் பின் வாழ, அக்கம்பக்கத்திலேயே சிறு இல்லங்கள் வேண்டும்.

கடைசியாக நம்மிடமும் ஒரு கேள்வி. முன்ஜென்மப் பாவம் என்று சொல்லிப் பிள்ளையை உள்ளறையில் மறைத்தது யார்? 2011 கணக்கெடுப்பு நாடு முழுவதும் மனவளர்ச்சி குன்றியோர் சுமார் 15 லட்சம் என்றது. மறைத்த பிள்ளைகள் அதில் இல்லை. கணக்கில் வராத பிள்ளைக்குப் பட்ஜெட்டில் காசும் வராது. 2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வாய் திறந்து சொல்லுங்கள்.

தலைநகரில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று நம் முன்னோர் கூடி நின்றார்கள். தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் எழுந்தன. ஒன்று இதே ஜனக்புரியில். அவர்கள் கூடியதுபோல் நாமும் கூடுவோம். அடுத்த ஞாயிறு ஆதார் அட்டை, புகைப்படம், மருத்துவச் சீட்டு எடுத்து வாருங்கள். சான்றிதழுக்கு மனு எழுதித் தருகிறோம். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். அவர்களும் உட்காரட்டும், இது அவர்களுடைய கூட்டம்.