கூலியைக் குறைக்கிறார்களா? கையெழுத்துக்கு முன் ஒரு நிமிடம்!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப் பொறுப்பாளர் பேசியது)



மூன்று மாதத்துக்கு முன் ஒரு குழுவில் ஐந்து பேர் தவணை பாக்கி. ஏன் என்று கேட்டோம், யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போதுதான் ஒரு அக்கா சொன்னார்: "ஏஜென்சி மாறிடுச்சும்மா. 550 ரூபா கூலிய 500 ஆக்கிட்டாங்க." ஐந்து பேருமே டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏஜென்சி மூலமாகத் துப்புரவு வேலை பார்ப்பவர்கள்.

ஐம்பது ரூபாய்தானே என்று தோணும். 26 நாளுக்குக் கணக்குப் போட்டால் 1,300 ரூபாய். குழுத் தவணையே அதில் போய்விடுகிறது!

ஏன் சம்மதித்தீர்கள் என்று கேட்டோம். சூப்பர்வைசர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "எல்லாரும் போட்டுட்டாங்க, நீதான் பாக்கி" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். முதலில் போனவரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார்! வேலை போனால் பத்தாம் தேதி தவணைக்கு என்ன செய்வது என்ற பயத்தில் போட்டுவிட்டார்கள். நம்ம குழுக் கடனே நம்மைக் கையெழுத்துப் போட வைத்தது என்பதை அன்றைக்குத்தான் நாங்கள் புரிந்துகொண்டோம்.

அதனால் முதலில் குழுவுக்குள் பேசினோம். உள்கடனுக்கு இரண்டு மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று தீர்மான நோட்டில் எழுதினார்கள். வங்கிக் கடனை நிறுத்த முடியாது, குழு பெயரே கெட்டுவிடும். அதைச் சேமிப்பிலிருந்து கட்டினார்கள். முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. "நாளைக்கு எனக்கும் செய்வீங்களா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதையும் தீர்மானத்தில் சேர்த்தோம்.

பிறகு சம்பள ரசீதை வாங்கிப் பார்த்தோம். கூலிக் குறைப்பு வெளியே தெரிகிறது. உள்ளே ஒன்று ஒளிந்திருந்தது. 13,000 ரூபாய் சம்பளத்தில் நம்ம பங்கு பி.எப். 12 சதவீதம், அதாவது 1,560 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், நூறு ரூபாய்கூட இல்லை. ஆனால் நிர்வாகம் போட வேண்டிய பி.எப். பங்கையும் சேர்த்து 3,120 ரூபாய் பிடித்திருந்தார்கள். இது கூடவே கூடாது. பிடித்த பணம் கணக்கில் ஏறியதா என்று பார்க்க, பி.எப்.பில் பதிந்த செல்போனிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுங்கள், எஸ்.எம்.எஸ். வரும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துள்ளன. கூலியை மாற்றுவதென்றால் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். சம்பள ரசீது தந்தாக வேண்டும். ஏஜென்சி கூலி தராவிட்டால், வேலை வாங்கும் நிறுவனமே பொறுப்பு. அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது. பாக்கி கேட்டு மனுப்போட மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு. ஆகவே "போட்டாச்சு, இனி என்ன" என்று உட்கார வேண்டாம்.

மற்ற வார்டுப் பெண்களையும் சேர்த்துப் பதினொரு பேர் கையெழுத்திட்டு மனு எழுதினார்கள். ஒன்று ஏஜென்சிக்கு, ஒன்று மருத்துவமனை நிர்வாகத்துக்கு. நகலில் சீல் வாங்கிக்கொண்டோம். ஏஜென்சிக்காரர் வாங்கவே மாட்டேன் என்றார். பதிவுத் தபாலில் அனுப்பினோம். சண்டை போடவில்லை, வேலையையும் நிறுத்தவில்லை. "எந்தத் தேதியில் அறிவித்தீர்கள், எழுத்தில் காட்டுங்கள்" என்று மட்டும் கேட்டோம்.

மருத்துவமனை நிர்வாகம் கூப்பிட்டுப் பேசியது. அடுத்த மாதத்திலிருந்து 550 வந்தது. பி.எப். பிடித்தமும் சரியானது. ஆனால் குறைத்த மாதத்துக்கான 1,300 இன்னும் வரவில்லை. முதலில் பேசிய அக்காவைத் தொடர்ந்து இரவு ஷிப்டில் போடுகிறார்கள். வீட்டில் வயதுக்கு வந்த பெண் தனியாக இருக்கிறாள், அவருக்கு அதுதான் பெரிய கவலை. இப்போதைக்குக் குழுவிலிருந்து ஒருவர் முறை வைத்துத் துணைக்குப் படுக்கிறார்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போகிறோம். வேறு குழுக்களிலும் ஏஜென்சி வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால், வங்கி பாஸ்புக், அடையாள அட்டை, மூன்று மாத ரசீது எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்குக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாருங்கள். ரசீதே தராதவர்கள், வேலைக்குப் போன நாட்களை ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவந்தால் போதும்.