குச்சி வேர் விட்ட கதை
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மின்னியல் படித்தவன் மரக்கன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று பின் வரிசையில் சிரிப்பது கேட்கிறது. ஒரு நாற்றங்காலில் பனிமூட்ட அறைக்கு மோட்டாரும் டைமரும் பொருத்தப் போனவன் நான். அங்கே படித்த பாடத்தைத்தான் சொல்ல வந்தேன்.

முருங்கையைப் போத்து வெட்டி நட்டால் துளிர்க்கும். தைலமரம் அப்படி இல்லை. வளர்ந்த மரத்தின் கிளையை ஊன்றினால் காய்ந்துதான் போகும். விதை முளைக்கும், ஆனால் ஒரே மரத்து விதையில் ஒன்று நெட்டையாகவும் ஒன்று கோணலாகவும் வரும். தாய்மரத்தின் குணம் அப்படியே வேண்டுமென்றால் குச்சியிலிருந்துதான் கன்று எடுக்க வேண்டும். பிரேசிலின் அராக்ரூஸ் நிறுவனத்தார் இதைப் பெரிய அளவில் செய்து காட்டி, 1984-இல் மார்கஸ் வாலன்பெர்க் பரிசு பெற்றார்கள். நம் பக்கத்தில் பத்ராசலம் காகித ஆலை 1989-இல் இந்த வேலையைத் தொடங்கியது.

நல்ல மரத்தைத் தரையை ஒட்டி அறுத்தால், இரண்டு மாதத்தில் அடிக்கட்டையிலிருந்து இளந்தளிர் கிளம்பும். வேர் விடும் இளமை அந்தத் தளிரில்தான் இருக்கிறது. அதை ஓரிரு ஜோடி இலையோடு நறுக்கி, இலையைப் பாதியாகக் கத்தரித்து, அடிநுனியை இண்டோல் பியூட்டிரிக் அமிலப் பொடியில் தொட்டு, வெர்மிகுலைட் நிரப்பிய குழித்தட்டில் ஊன்றுவார்கள். வேர் இல்லாத குச்சி தண்ணீரை அதிகம் உறிஞ்ச முடியாது. அதனால் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். மூன்று, நான்கு வாரத்தில் வேர் விடும். பிறகு நிழல்வலை, அதற்குப் பிறகு வெயில்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ராத்திரி பகல் பார்க்காமல் ஒரே இடைவெளியில் தண்ணீர் அடிக்கும்படி டைமரை வைத்துவிட்டு, பெருமையாக ஊருக்குப் போய்விட்டேன். பத்து நாள் கழித்து வந்தால், அடி கறுத்து அழுகிய குச்சிகள்! ஒரு அறை முழுவதும் போச்சு. குச்சி நறுக்கும் அம்மா ஒருவர் சொன்னார்: "தம்பி, குச்சிக்குத் தாகம் வெயிலப் பாத்து வரும். கடிகாரத்தப் பாத்தா வரும்?"

ஒரு வாரம் அவர் பக்கத்திலேயே நின்றேன். இலை மேல் ஈரம் எப்போது காய்கிறது என்று மணிக்கு மணி குறித்தேன். உச்சி வெயிலில் அடிக்கடி, ஆனால் சில விநாடிகளே. இரவில் கிட்டத்தட்ட நிறுத்தம் என்று மாற்றினேன். கரண்ட் போனாலும் குச்சி வாடாதிருக்க மேலே ஒரு தொட்டியும் வைத்தோம். அடுத்த தட்டைத் தூக்கியபோது அடியில் வெள்ளை வேர் தெரிந்தது. பட்டம் வாங்கிய நாளில்கூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2000-க்குப் பிறகு, ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு சிறு குளவி தென்னிந்தியத் தைலத் தோப்புகளில் பரவி, தளிரிலும் இலைக்காம்பிலும் முடிச்சு முடிச்சாக வீங்க வைத்தது. சில குளோன்கள் தாங்கின, சில படுத்துவிட்டன. தோப்பு முழுக்க ஒரே தாய்மரத்துப் பிள்ளைகள் என்றால், ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். அதனால்தான் பல குளோன்களைக் கலந்து நட வேண்டும் என்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, இந்தக் கல்லூரி நம் எல்லோருக்கும் தாய்மரம். ஆனால் எல்லோரும் ஒரே அச்சாக வளர வேண்டாம். ஆளுக்கொரு மண்ணில் வேர் விடுங்கள். டைமரை வைக்கும் முன், குச்சி நறுக்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.