ஓட்டம் முடிந்த குதிரைகள்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடலில், முகப்பேர் திருமண மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு சாப்பாடு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்திய பேராசிரியர்களை நாம் என்ன பாடு படுத்தினோம் என்பது எனக்கு மறக்கவில்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் கல்லூரியில் விலங்கியல் முடித்துவிட்டு வேப்பேரியில் போய்க் கால்நடை மருத்துவம் படித்தவன் நான். இங்கே முகப்பேரில் என் கிளினிக்குக்கு வருவதெல்லாம் நாயும் பூனையும்தான். எப்போதாவது ஒரு கிளி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் திருவேற்காட்டைத் தாண்டி ஒரு நண்பர் நடத்துகிற சின்ன லாயத்துக்குப் போய்விடுவேன். பதினொரு குதிரைகள். பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரி சொல்லிக்கொடுக்கிற இடம். பதினொன்றில் எட்டு, ஒரு காலத்தில் ரேஸில் ஓடியவை.

இது தெரிந்ததனால், 2024 செப்டம்பருக்குப் பிறகு இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் எனக்குத் தனித்தனியாக போன் பண்ணினார்கள். கேள்வி ஒன்றேதான்: "ஏம்ப்பா, கிண்டி ரேஸ் கோர்ஸை மூடிட்டாங்களாமே, குதிரை சல்லிசா கிடைக்குமா?" பேரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். அவர்களுக்கு போனில் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில்தான் இன்றைய பேச்சு.

கிண்டி கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-இல் ஏற்பட்டது. 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நடந்து, 1996-இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. கிண்டி நிலம் 160 ஏக்கர், 1945-இல் 99 வருடக் குத்தகைக்கு விடப்பட்டது. வாடகை பாக்கியைச் சொல்லிக் குத்தகையை ரத்து செய்து 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி அரசு சீல் வைத்தது. அதே வருடம் ஜூனில் ஊட்டி ரேஸ் கோர்ஸையும் எடுத்துக்கொண்டது. யார் பக்கம் நியாயம் என்ற விவகாரத்துக்குள் நான் போகவில்லை. நம்மிடையே வக்கீல்களே நாலு பேர் இருக்கிறார்கள். ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும். நிலத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். குதிரையைப் பற்றிப் பேசினவர்கள் குறைவு என்பது மட்டும் என் குறை.

ஒரு சின்னக் கணக்கு. ரேஸ் குதிரை இரண்டு வயதில் ஓட ஆரம்பிக்கிறது. ஐந்து, ஆறு வயதுக்குள் பெரும்பாலானவை ஓய்ந்துவிடும். ஒன்று காலில் அடிபடும், அல்லது ஜெயிக்காது. ஜெயிக்காத குதிரைக்கும் தீனி அதே தீனிதான், ஆகவே உரிமையாளர் கை கழுவப் பார்ப்பார். ஆனால் நல்ல பராமரிப்பில் குதிரை இருபத்தைந்து வயது வரை இருக்கும். அதாவது ரிட்டயர் ஆன பிறகு இன்னும் இருபது வருடம் பாக்கி, பென்ஷன் கிடையாது. நம்மில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இந்த வேதனை சரியாகப் புரியும்.

எங்கே போகின்றன? நல்ல வம்சத்துப் பெட்டைகளும் பேர் வாங்கிய சில ஆண் குதிரைகளும் இனப்பெருக்கப் பண்ணைக்குப் போகும். மற்றவை சவாரிப் பள்ளிக்கு, கடற்கரைச் சவாரிக்கு, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு, பண்ணை வீட்டுக்கு. சில, மருந்துக் கம்பெனிக்கு. பாம்புக்கடி மருந்து குதிரை ரத்தத்திலிருந்துதான் வருகிறது என்பது விலங்கியல்காரர்களுக்கு நினைவிருக்கும். வடநெம்மேலியில் 1978-இல் ஏற்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துத் தருகிறார்கள். அப்படிக் கிடைக்கும் விஷத்தைத் துளித்துளியாகக் குதிரை உடம்பில் ஏற்றி, அது எதிர்ப்புச் சக்தி உண்டாக்கிக்கொண்ட பிறகு ரத்தம் எடுத்து மருந்தாக்குவது. ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாற்றுகிற வேலை; அதைக் கேவலமாக நான் சொல்ல மாட்டேன். குதிரைக்கு அது சுகமான வேலை என்றும் சொல்ல மாட்டேன்.

இப்போது சவாரிக்கு வருவோம். "ரேஸில் ஓடின குதிரைதானே, மேலே ஆள் ஏறிப் பழகினதுதானே, இன்னும் என்ன பழக்கணும்?" என்று கேட்பார்கள். அங்கேதான் சிக்கல். பழகாத குதிரைக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கலாம். இதற்கு முதலில் மறக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஜாக்கி கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குட்டை அங்கவடியில் எழும்பி நிற்கிறார். குதிரை அந்த இறுக்கத்தின்மேல் தன் வாயைச் சாய்த்துக்கொண்டு ஓடப் பழகியிருக்கிறது. நம் வீட்டுப் பையன் ஏறி, பயத்தில் கடிவாளத்தை இழுக்கிறான். அவன் பிரேக் என்று நினைத்துப் பிடிப்பது குதிரைக்கு ஆக்ஸிலரேட்டர். இன்னும் இழுப்பான், இன்னும் போகும். ஜாக்கியின் கால் மேலே மடங்கியிருக்கும். சாதாரணச் சவாரிக்காரரின் கால் தொங்கி விலாவில் படும். அது என்னவென்றே இதற்குத் தெரியாது. ரேஸ் லாயத்தில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைத் தூக்கி மேலே வைத்துவிடுவார்கள். ஆகவே ஆள் ஏறும்வரை அசையாமல் நிற்க வேண்டும் என்ற பாடமே அதற்குக் கிடையாது. தனியாக வெளியே போய்ப் பழக்கமில்லை, எப்போதும் கூட்டத்தோடுதான். பெரும்பாலான நேரம் ஒரே அறைக்குள் நின்ற பிராணி அது.

எங்களிடம் வந்த ஒரு பெட்டைக் குதிரையைச் சொல்கிறேன். ரேஸ் கார்டில் அதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர். எங்கள் சைஸ் பெரியவர் வந்த அன்றே "மல்லி" என்று வைத்துவிட்டார். ஐந்து வயது, செவலை நிறம், கண்ணுக்கு லட்சணம். முதல் இரண்டு மாதம் அதன் முதுகில் யாரும் ஏறவில்லை. வந்து பார்த்தவர்கள், "என்ன சார், சும்மா மேய விட்டிருக்கீங்க?" என்றார்கள். அதுதான் சார் வைத்தியம். ரேஸ் குதிரைக்குத் தானியம் அதிகம், புல் குறைவு. குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். மேயாமல் நின்றால் வயிற்றுப் புண் வரும். ரேஸ் குதிரைகளில் அது சர்வசாதாரணம். வயிறு எரிகிற குதிரையின்மேல் சேணத்தை இறுக்கினால் கடிக்காமல் என்ன செய்யும்? "கெட்ட குதிரை" என்று பேர் வாங்கியவற்றில் பாதி, வயிற்று வலிக்காரர்கள் என்பது என் அனுபவம்.

தானியத்தைப் படிப்படியாகக் குறைத்தோம், புல்லையும் வைக்கோலையும் கூட்டினோம். ஓட்டத்துக்குப் போட்ட மெல்லிய அலுமினிய லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீர்செய்து இரும்பு லாடம் அடித்தோம். பிறகு நீளக் கயிற்றில் கட்டி வட்டமாக நடை. குரலுக்கு நிற்க, குரலுக்கு நடக்க. இரண்டு பக்கமும் சமமாக. ஓட்டப் பாதையில் ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி உடம்பு ஒரு பக்கம் கெட்டியாகியிருக்கும். மூன்றாவது மாதம்தான் ஆள் ஏறினார். ஏறி என்ன செய்தார் என்கிறீர்கள்? நின்றார். நிற்பதுதான் பாடம். அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

அப்புறம் வெளியுலகம். தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ, காற்றில் படபடக்கிற பிளெக்ஸ் பேனர். ஆடி மாதம் வந்தது. கருமாரியம்மன் கோயில் பக்கம் பம்பை உடுக்கைச் சத்தம் ராத்திரியெல்லாம். முதல் வாரம் மல்லி தீனியே எடுக்கவில்லை. வயதான ஒரு குதிரையைப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். அந்தக் கிழவர் எந்த மேளத்துக்கும் காதைக்கூட அசைக்காமல் புல் தின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து இதுவும் அடங்கியது. நாங்கள் சொல்லிக்கொடுத்ததைவிட அந்தக் கிழவர் சொல்லிக்கொடுத்தது அதிகம்.

ஒன்பதாவது மாதம் பத்து வயதுப் பெண் குழந்தை ஒருத்தி மல்லியின்மேல் ஏறி, தளர்ந்த கடிவாளத்தோடு மைதானத்தை நடையாகச் சுற்றி வந்தாள். இறைவன் நரியைப் பரியாக்கியது ஒரே நாளில். எங்களுக்கு ஒரு பரியைப் பரியாக்க ஒன்பது மாதம்.

எல்லாம் இப்படி முடிவதில்லை. அதே வருடம் வந்த இன்னொரு குதிரை, நல்ல சுபாவம், முன்னங்கால் நரம்பில் பழைய காயம். பாரம் தாங்காது, மெதுவான நடைக்கு மட்டும் ஆகும் என்று எழுதியே கொடுத்தேன். வசதியான ஒருவர் தன் பண்ணை வீட்டுக்குக் கேட்டு வாங்கிப் போனார். ஊர் பேர் வேண்டாம். அன்பாகத்தான் வைத்திருந்தார், அதில் சந்தேகமில்லை. அவர் வீட்டு விசேஷம் ஒன்றில் பந்தி முடிந்து மிஞ்சிய பிரிஞ்சியை வேலையாட்கள் ஒரு அண்டா நிறையக் குதிரைக்கு வைத்துவிட்டார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். ராத்திரி வயிறு உப்பி, புரண்டு, விடிவதற்குள் போய்விட்டது. எனக்கு போன் வந்தது காலை ஆறு மணிக்கு.

இதில் ஒரு வேடிக்கை. எழுநூறு வருடத்துக்கு முன் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதையே எழுதி வைத்திருக்கிறார். இங்குள்ள ராஜாக்கள் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கப்பலில் வரவழைக்கிறார்கள், வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை, கவனிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, வேகவைத்த சோற்றைப் போடுகிறார்கள் என்கிறார். எண்ணிக்கையை மனிதர் கொஞ்சம் தாராளமாகச் சொல்லியிருக்கலாம். சோறு விஷயத்தில் பொய் சொல்லவில்லை என்று நான் சாட்சி சொல்கிறேன்.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். 1986-இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை ஜெயித்த ஃபெர்டினாண்ட் என்ற குதிரை ஜப்பானுக்கு விற்கப்பட்டு, 2002-இல் கசாப்புக்குப் போய்விட்டது. அந்தச் செய்தி வெளியே வந்து ரேஸ் உலகமே வெட்கப்பட்டது. 2012-இல் அங்கே ஓய்ந்த குதிரைகளுக்கான நல்ல காப்பகங்களைச் சோதித்து நிதி கொடுக்க ஓர் அமைப்பு வந்தது. இங்கிலாந்தில் 2000-லேயே ரேஸ் குதிரைகளுக்கு மறுபயிற்சி கொடுப்பதற்கென்றே ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. திறமைக்கும் குறைவில்லை: டச் ஆஃப் கிளாஸ் என்ற பெட்டை, ஆறு ரேஸ் ஓடி ஒன்றுகூட ஜெயிக்காதது. அதே குதிரை 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தடை தாண்டும் போட்டியில் இரண்டு தங்கம் வாங்கியது.

இங்கே இன்னும் பெரும்பாலும் அந்தந்த உரிமையாளரின் மனசைப் பொறுத்த விஷயமாகத்தான் இருக்கிறது. பந்தயம் கட்டுகிற முழுத் தொகைக்கும் 2023 அக்டோபரிலிருந்து 28 சதவீதம் ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பரில் அது 40 ஆனது. ஓடுகிற குதிரையை வைத்து இத்தனை பேர் கணக்குப் போடும்போது, ஓடி முடித்த குதிரைக்கென்று பரிசுப் பணத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டாயமாக எடுத்து வைக்கக் கூடாதா? நம்மில் அதிகாரிகளாக இருந்தவர்கள், இருப்பவர்கள், பேனா பிடிக்கத் தெரிந்தவர்கள் இதை எழுத வேண்டும்.

இனி என் மூன்று நண்பர்களுக்குப் பதில். குதிரை சும்மா கிடைக்கலாம். தீனி சும்மா கிடைக்காது. எங்கள் லாயத்தில் ஒரு குதிரைக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது: புல், வைக்கோல், கொள்ளு, தவிடு, சைஸ் சம்பளம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம், என் ஃபீஸ் இல்லாமல். வெயில் நாளில் ஐம்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும். முகப்பேர் ஃபிளாட்டில் நமக்கே தண்ணீர் லாரி. சில ரேஸ் குதிரைகளுக்கு நம் சென்னைப் புழுக்கத்தில் வியர்ப்பதே நின்றுபோகும். அதற்கு மின்விசிறியும் குளியலும் தனி. வாங்கி வீட்டு வாசலில் கட்டிவைத்துப் போட்டோ எடுக்கிற ஆசை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உண்மையிலேயே மனசு இருந்தால், நல்ல லாயத்தில் இருக்கிற ஒரு குதிரையின் செலவில் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்துகூட எடுக்கலாம். இப்போது எங்களிடம் அப்படி ஆள் தேவைப்படுகிற குதிரை இரண்டு இருக்கின்றன. ஒன்றுக்கு ஏழு வயது, ஒரு கண்ணில் பார்வை மங்கல், குணம் தங்கம். இன்னொன்று வந்து ஆறு வாரம்தான் ஆகிறது, இன்னும் யாரும் ஏறவில்லை.

ஞாயிறு காலை ஆறரைக்குள் வந்தால் வெயிலுக்கு முன் பார்த்துவிட்டுப் போகலாம். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் போய் நிற்காதீர்கள். கேரட் கொண்டுவரலாம், நீளவாக்கில் நறுக்கி. பிஸ்கட், பிரெட், இன்று இங்கே மிஞ்சப்போகிற பிரிஞ்சி, எதுவும் வேண்டாம்.