சிக்கனப் படங்களும் சிற்றூர் மக்களும்

(எரிசக்திச் சிக்கனம் குறித்து அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



எரிசக்திச் சிக்கனத்தை வலியுறுத்தும் படங்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். படங்களைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும் அவற்றை எடுப்பவர்களைப் பற்றிப் பேசுவதே பயனுடையது என்று கருதுகிறேன். ஒரு படம் சிற்றூரில் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் ஒளிப்பதிவுக் கருவிக்குப் பின்னே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

முதலில் என் தோல்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், புகையில்லா அடுப்பைப் பற்றிய படம் ஒன்றை ஓர் ஊரில் காட்டினோம். படம் முடிந்ததும் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் எழுந்து, "ஐயா, அந்த வீட்டு விறகு நன்றாகக் காய்ந்திருக்கிறதே, அதை மழைக்காலத்தில் எடுத்தீர்களா, கோடையில் எடுத்தீர்களா?" என்று கேட்டார். கோடையில்தான் எடுத்திருந்தோம். "எங்கள் துன்பம் மழைக்காலத்தில் அல்லவா?" என்று கூறிவிட்டு அமர்ந்தார். அப்படத்தை எடுத்த எங்களுள் ஈரவிறகை ஊதி அடுப்பெரித்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே அக்கேள்வி எங்களுக்குத் தோன்றவே இல்லை. அன்று கேட்ட கேள்விக்கு விடை தேடுவதாகவே இவ்வுரை அமையும்.

ஊருக்கு வந்த வண்டி

விடுதலை பெற்றதை அடுத்து 1948ஆம் ஆண்டில் மத்திய அரசின் திரைப்படப் பிரிவு பம்பாயில் தொடங்கப்பெற்றது. பின்னர் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்படும் வரை அது ஆயிரக்கணக்கான செய்திப் படங்களையும் விவரணப் படங்களையும் அளித்தது. திரையரங்குகளில் முதன்மைப் படத்திற்கு முன் இவை காட்டப்பட்டாக வேண்டும் என்பது உரிம விதி. திரையரங்கு இல்லாத ஊர்களுக்குப் படக்கருவி பொருத்திய வண்டிகள் சென்றன.

1973ஆம் ஆண்டு இறுதியில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெயின் விலை சில திங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தது. எரிபொருள் சிக்கனம் அப்பொழுதுதான் நாட்டின் கடமைகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 1978இல் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் உருவாயிற்று. பருப்பை முன்னரே ஊறவையுங்கள், பாத்திரத்தை மூடிச் சமையுங்கள், வண்டியை மிதமான வேகத்தில் ஓட்டுங்கள் என்னும் அறிவுரைகள் குறும்படங்களாயின. இவை நல்ல அறிவுரைகளே. நகரத்தில் எரிவாயு அடுப்பும் ஊர்தியும் உடையவர்கள் இவற்றால் பயனடைந்தனர்.

ஆனால் சுள்ளி பொறுக்கிச் சமைக்கும் குடும்பத்திற்கு 'குறைத்துக்கொள்' என்னும் சொல் என்ன பொருள் தரும்? நாள்தோறும் பல கல் தொலைவு நடந்து விறகு சுமக்கும் பெண் ஏற்கெனவே சிக்கனமாகத்தான் வாழ்கிறாள். அவளுக்கு வேண்டுவது, அதே விறகில் இரண்டு வேளைச் சமையலை மூன்று வேளையாக்கும் கைத்திறன். அறிவுரைப் படம் வேறு, கைத்திறனைக் கற்பிக்கும் படம் வேறு. இவ்வேறுபாட்டை நாம் நெடுநாள் உணரவில்லை.

வானிலிருந்து வந்த படம்

விக்ரம் சாராபாய் அவர்களின் தொலைநோக்கின் பயனாக, 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை துணைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்கள் இதில் பங்குபெற்றன. கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பி வலையால் ஆன வாங்கிகள், அமெரிக்கத் துணைக்கோள் அனுப்பிய அலைகளைப் பெற்றுக் கூரைவீட்டுத் தெருவில் படமாக்கின.

பொறியியல் நோக்கில் இது பெரு வெற்றி. எனினும் இம்முயற்சியில் ஈடுபட்ட அறிஞர்கள் பெற்ற பாடங்களுள் ஒன்று, ஒரே நிகழ்ச்சி ஆறு மாநில மக்களுக்கும் ஒருங்கே பொருந்தாது என்பது. மண் வேறு, பயிர் வேறு, பேச்சு வழக்கு வேறு. அடுப்பும் அவ்வாறே. சோளரொட்டி சுடும் அடுப்பும் சோறு வடிக்கும் அடுப்பும் ஒன்றல்ல.

கேடா காட்டிய வழி

அதே காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் வேறொரு முயற்சி தொடங்கியது. அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தினர், பிஜ் என்னும் ஊரில் நிறுவப்பட்ட ஆற்றல் குறைந்த ஒளிபரப்பியின் வாயிலாக, சுற்றுப்புற ஊர்களுக்கென்றே நிகழ்ச்சிகள் அளித்தனர். பால் கூட்டுறவுச் சங்கங்களின் கட்டடங்களில் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன.

இங்குப் படப்பிடிப்புக் குழுவுக்கு முன்னதாகச் சமூக ஆய்வாளர் ஊருக்குச் சென்றார். மக்கள் எதை அறிந்திருக்கிறார்கள், எதை அறிய விழைகிறார்கள் என்பதைக் கேட்டு எழுதினார். அதன் பின்னரே கதை எழுதப்பட்டது. உழவரும் தொழிலாளரும் தம் பேச்சு வழக்கிலேயே திரையில் பேசினர். 1984ஆம் ஆண்டில் ஊரகச் செய்தித் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு கேடாத் திட்டத்திற்குக் கிடைத்தது. படத்தின் பின்னணியில் இருந்தவர்கள் இன்னும் படித்த நகரத்தவரே. ஆயினும் ஊரார் சொல்வதைக் கேட்டுப் படமெடுக்கும் முறை அங்கே வேரூன்றியது.

காய்கறிக் கூடையும் ஒளிப்பதிவுக் கருவியும்

அடுத்த அடியை எடுத்து வைத்தவர்கள் பெண்கள். இலா பட் அம்மையார் 1972இல் அகமதாபாத்தில் நிறுவிய சுயதொழில் மகளிர் சங்கமான 'சேவா', 1984இல் வீடியோ பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அமெரிக்கரான மார்த்தா ஸ்டூவர்ட் நடத்திய பயிற்சியில் சங்க உறுப்பினர்களும் ஊழியர்களுமாக இருபது பெண்கள் கலந்துகொண்டனர். அவர்களுள் சிலர் எழுத்தறியாதவர். காய்கறி விற்கும் பெண்மணியும் அக்குழுவில் இருந்தார். கருவியைக் கையாளவும் ஒலியைப் பதிவு செய்யவும் நேர்காணவும் அவர்கள் கற்றுக்கொண்டனர்.

எழுத்தறியாதவர் படமெடுக்க இயலுமா என்று ஐயுற்றவர்கள் பலர். இயலும் என்பதை அப்பெண்கள் மெய்ப்பித்தனர். சந்தையில் வணிகம் செய்பவள் சந்தையைப் படம் பிடிக்கும்போது, எங்கே நிற்க வேண்டும், யாரிடம் பேச வேண்டும், எந்தக் கேள்வியைக் கேட்டால் உண்மை வெளிப்படும் என்பதை அவளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இந்த நூற்றாண்டில், 2006இல் பெங்களூரில் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கி 2008இல் தனி நிறுவனமான 'டிஜிட்டல் கிரீன்' இதே நெறியை வேளாண்மையில் கையாண்டது. உழவரே நடிகர், ஊர் இளைஞரே ஒளிப்பதிவாளர். படத்தைக் காட்டுபவர் இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்பார். யார் வந்தார், பின்னர் யார் அம்முறையைக் கைக்கொண்டார் என்று பதிவு செய்வார். பதினாறு ஊர்களில் நடந்த தொடக்க ஆய்வில், வழக்கமான விரிவாக்கப் பணியைவிட ஏழு மடங்கு மிகுதியாகப் புதிய முறைகள் கைக்கொள்ளப்பட்டன. படம் பார்த்தவர்கள் முதலில் கேட்டது, "இந்த உழவர் பெயர் என்ன, எந்த ஊர்க்காரர்?" என்பதுதானாம். தம்மைப் போன்ற ஒருவர் செய்து காட்டியதைத் தாமும் செய்யலாம் என்னும் துணிவு அக்கேள்வியில் இருக்கிறது.

அடுப்பு கற்பித்த பாடம்

இனி அடுப்புக்கு வருவோம். மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் 1983-84இல் தொடங்கியது. மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடே பாத்திரத்தைச் சேர்கிறது என்று அந்நாளில் கணக்கிட்டனர். புதிய அடுப்பில் அது 20 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பது குறிக்கோள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன. 2002இல் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. ஆனால் வழங்கிய அடுப்புகளுள் பல சில ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்டன.

ஏன்? மண் அடுப்பின் பயன் அதன் அளவுகளில் இருக்கிறது. பெரிய விறகை நுழைப்பதற்காக வாயை அகலப்படுத்தினால் குளிர்காற்று மிகுதியாகப் புகுந்து வெப்பத்தைக் கொண்டு செல்லும். புகைபோக்கியில் கரி அடைத்தால் புகை வீட்டுக்குள் திரும்பும். பாத்திரம் குழியில் சரியாக அமராவிட்டால் தழல் பக்கவாட்டில் வீணாகும். இவற்றைச் சொல்லிக் கொடுக்கவும், ஆறு திங்களுக்குப் பின் வந்து பார்க்கவும் ஆள் இல்லை. எண்ணிக்கை நிறைவேறியது. அடுப்பு அணைந்தது.

இதற்கு மாறான சான்றும் உண்டு. கட்டடக் கலைஞர் மது சரின் அவர்கள், ஹரியானாவில் சிவாலிக் மலையடிவாரத்திலுள்ள நாடா என்னும் ஊர்ப் பெண்களுடன் சேர்ந்து உருவாக்கிய மண் அடுப்பு 'நாடா சூலா' என்றே பெயர் பெற்றது. அந்தப் பெண்களே குறைகளைச் சொன்னார்கள். அவர்களே திருத்தினார்கள். பெண்களே அடுப்பு கட்டும் கொத்தர்களாகப் பயிற்சி பெற்றுப் பிற வீடுகளுக்கும் சென்றனர். அடுப்பைக் கட்டியவளும் அதில் சமைப்பவளும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளக் கூடியவர்களாக இருந்ததே இம்முறையின் வலிமை.

படம் எடுப்பதற்கும் இது பொருந்தும். எல்.இ.டி. விளக்கில் சிக்கனம் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தின்கீழ் 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் விற்பனையாயின. அவற்றை மாட்டினால் போதும், பயன் தொடங்கிவிடும். அடுப்பிலோ, சிக்கனம் பயன்படுத்துபவரின் கையில் இருக்கிறது. கையின் திறனைக் கையுடையவரே காட்ட வேண்டும்.

படத்தால் ஆகாதது

படத்தின் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். கிணற்றுப் பம்பின் அடியிலுள்ள குறுகிய கால் வால்வையும் வளைவுகள் மிகுந்த இரும்புக் குழாயையும் மாற்றி, உராய்வு குறைந்த வால்வும் பி.வி.சி. குழாயும் பொருத்தினால் மின்சாரம் கணிசமாக மிச்சமாகும் என்பது குஜராத்தில் செய்து காட்டப்பட்ட உண்மை. இதை எத்தனை அழகாகப் படமெடுத்தாலும், குதிரைத் திறனுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் செலுத்தும் உழவர், அல்லது கட்டணமே செலுத்தாத உழவர், தம் பணத்தைச் செலவிட்டுக் குழாயை மாற்ற முன்வருவாரா? கட்டண முறை பறித்துவிட்ட ஆர்வத்தைப் படம் திருப்பித் தராது.

அவ்வாறே, 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் பத்துக் கோடிக்கு மேற்பட்ட இல்லங்களுக்கு எரிவாயு இணைப்பு அளித்துள்ளது. சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்தும் இல்லங்கள் 2015-16இல் 43.8 விழுக்காடாக இருந்து 2019-21இல் 58.6 விழுக்காடாக உயர்ந்தன என்று தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. ஆயினும் மறு உருளை வாங்கப் பணமில்லாதபோது விறகடுப்பு மீண்டும் எரிகிறது. ஆதலால் அந்த அடுப்பைப் பற்றிய அக்கறை பழங்கதையாகிவிடவில்லை. புகையை உட்கொள்ளும் தாயும் குழந்தையும் இன்றும் இருக்கிறார்கள்.

நாம் செய்யத்தக்கவை

அலுவலர்களாகிய உங்களுக்கும், நாளை அலுவலர்களாகப் போகும் மாணவர்களுக்கும் நான்கு கருத்துகளைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவது, படம் எடுக்க ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை ஊர்ப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் கருவிப் பயிற்சி அளிக்கச் செலவிடுங்கள். இன்று கைப்பேசியே கருவியாகிவிட்டதால் இச்செலவு சிறிதே.

இரண்டாவது, ஒரு பருவத்தில் எடுத்த படத்தை ஆண்டு முழுவதற்கும் உரியதாகக் கருதாதீர்கள். மழைக்காலத்து அடுப்பையும் படமெடுங்கள். புகைபோக்கி அடைத்துக்கொண்ட வீட்டையும் காட்டுங்கள். தோல்வியைக் காட்டும் படத்தை மக்கள் நம்புவார்கள்.

மூன்றாவது, படம் முடிந்த பிறகே பணி தொடங்குகிறது. கேள்விக்கு விடை சொல்லவும், திங்கள்தோறும் வீடு சென்று பார்க்கவும் ஒருவரை அமர்த்துங்கள்.

நான்காவது, படத்தின் வெற்றியைப் பார்த்தவர் தலையெண்ணி அளக்காதீர்கள். படத்திற்கு முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் அவ்வீட்டு விறகை எடை போட்டுப் பாருங்கள். தராசு பொய் சொல்லாது.

அன்று என்னைக் கேள்வி கேட்ட அம்மையாரிடம் நான் கருவியைக் கொடுத்திருக்க வேண்டும். அது எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றட்டும் என்று வேண்டி அமர்கிறேன்.