குச்சவெளி: நிலமும் குடியும்

திருகோணமலை என்றதும் அதன் துறைமுகமே எவர் நினைவிலும் முதலில் எழும். பெருங்கப்பல்கள் நுழைந்து நிற்கத்தக்க ஆழம் அத்துறைமுகத்துக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. அப்பட்டினத்திலிருந்து புல்மோட்டை வீதி வழியே வடக்கு நோக்கிச் சுமார் 34 கிலோமீற்றர் சென்றால் குச்சவெளியை அடையலாம். துறைமுகத்துக்குப் பெருமை தந்தது ஆழமான உப்புநீர். குச்சவெளிக்கு உயிர் தந்ததோ மணலுக்கடியில் அதிக ஆழமின்றிக் கிடக்கும் நன்னீர். இந்த ஒன்றை மனத்திற் கொண்டால், இங்கு மக்கள் எங்கே குடியிருக்கின்றனர், ஏன் அங்கே குடியிருக்கின்றனர் என்பவை எளிதில் விளங்கும்.

திருகோணமலை மாவட்டத்தின் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளுள் குச்சவெளியும் ஒன்று. கிழக்கே கடல், மேற்கே காடும் குளங்களும், வடக்கே கொக்கிளாய்க் களப்பு. களப்புக்கு அப்பால் முல்லைத்தீவு மாவட்டம் தொடங்குகின்றது. வடக்குத் தெற்காக நீண்டும் கிழக்கு மேற்காக ஒடுங்கியும் கிடப்பது இந்நிலம். கடலை ஒட்டி மணல்மேடு. அதன் பின்னே உப்புநீர் புகுந்து வடியும் களப்புகளும் சேற்று நிலமும். அவற்றின் பின்னே வயலும் காடும் என நிலம் வரிசை வரிசையாக அமைந்துள்ளது. யான் ஓயா என்னும் பேராறு அநுராதபுரப் பகுதிகளின் நீரைச் சுமந்து வந்து புல்மோட்டைக்குத் தெற்கே கடலிற் கலக்கின்றது.

இவ்வூர்களின் பெயர்களை அடுக்கிச் சொன்னாலே நிலத்தின் படம் கண்முன் விரியும். நிலாவெளி, குச்சவெளி என்பவற்றில் ‘வெளி’ உண்டு. அது திறந்த நிலம். கும்புறுப்பிட்டியில் உள்ள ‘பிட்டி’ மேட்டு நிலத்தைக் குறிப்பது. இரணைக்கேணியிற் கேணியும், சலப்பையாற்றில் ஆறும், புல்மோட்டையில் ‘மோட்டை’ எனப்படும் சிறு நீர்நிலையும் இருக்கின்றன. வெள்ளம் ஏறாத மேடு, குடிக்கத்தக்க நீர் ஆகிய இரண்டையும் தேடியே முன்னோர் குடியமைத்தனர் என்பதற்கு இப்பெயர்களே சான்று.

அந்நீர் எங்கிருந்து வருகின்றது? இப்பகுதிக்கு மழையிற் பெரும்பங்கைத் தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை மணலுள் இறங்குகின்றது. நன்னீர் உப்புநீரினும் இலேசானது. ஆதலால் மணலுக்குள் ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் மழைநீர் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கூறும் கணக்கு. இக்கணக்கு நம்மை மகிழ்விப்பது போலவே அச்சுறுத்தவும் வேண்டும். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி போய்விடும் என்பதும் அதே கணக்குத்தானே! அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறு உவர்ப்பதன் காரணம் இதுவே.

தொழில்களும் நிலத்தை ஒட்டியே அமைந்தன. மணற்பாங்கான இடங்களிற் கிணற்று நீர் பாய்ச்சிச் சின்ன வெங்காயம் பயிரிடுவர். உள்நாட்டுப் பக்கமாக அமைந்த திரியாய் போன்ற ஊர்களிற் குளத்து நீரால் நெல் விளையும். வெயில் கடுமையாகக் காயும் தாழ்ந்த கரைகளில் உப்பு விளையும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கக் கீழைக் கடல் அமைதியுறும். அப்போது மேற்குக் கரை மீனவர் இப்பக்கம் வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். ஆகவே, ஆண்டின் எல்லா மாதங்களிலும் ஒரே தொகையான மக்கள் வாழும் கரையன்று இது.

புல்மோட்டையின் கரு மணல் தனிச் சிறப்புடையது. ஆறுகள் அரித்து வந்த பாறைத் துகள்களை அலைகள் புடைத்துப் பிரிக்க, பாரமான இல்மனைற்று, உருத்தைல், சிர்க்கோன் ஆகிய கனிமங்கள் கரையிற் படிந்தன. 1957ஆம் ஆண்டு இதற்கெனக் கனிப்பொருள் மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. கருமையான இம்மணலிலிருந்து பெறப்படுவதே தூய வெண்ணிறச் சாயம் என்பது வியப்பு. அருகிலுள்ள அரிசிமலைக் கரையிலோ மணல் அரிசிமணி போலப் பருத்துக் கிடக்கின்றது.

இக்கரை பழைமையானது. குச்சவெளிக் கடலோரப் பாறையிற் பழைய வடமொழிக் கல்வெட்டொன்று உண்டு. திரியாய்க் குன்றிலுள்ள பௌத்தத் தலத்தின் வடமொழிக் கல்வெட்டு கடல் வணிகரைக் குறிப்பிடுகின்றது. ஆகவே, பல மொழியினரும் பல சமயத்தினரும் வந்து தங்கிய கரை இது. இன்று இப்பிரிவில் முஸ்லிம்கள் பெருந்தொகையினர். அவர்களுக்கு அடுத்துத் தமிழரும், பின்னர்ச் சிங்களவரும் வாழ்கின்றனர்.

மக்கட்டொகையைக் கூறும்போது ஓர் உண்மையை மறத்தலாகாது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் ஏறத்தாழ 256,000 பேர் இருந்தனர். அடுத்த முழுமையான மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. அப்போது தொகை ஏறத்தாழ 380,000. இரண்டுக்கும் இடையே 31 ஆண்டுகள். போர்ச் சூழலால் 2001ஆம் ஆண்டின் மதிப்பீடு இம்மாவட்டத்தில் முழுமை பெறவில்லை. இரு எண்களையும் வைத்துக் கோடிழுத்தால், மக்கள் சீராகப் பெருகினர் என்றே தோன்றும். உண்மை அதுவன்று. 1980களில் தென்னமரவடி, திரியாய் போன்ற ஊர்களின் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. ஊர்ப்பெயர் படத்தில் இருந்தது. ஊரில் ஆள் இல்லை. 2009இல் போர் முடிந்தபின் தென்னமரவடிக்கு மீண்டோர் தம் வளவுகளைக் காட்டினுள் தேட வேண்டியிருந்தது. இந்தப் போக்கையும் வரவையும் எந்த அட்டவணையும் காட்டுவதில்லை.

2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. உயிர்களையும் படகுகளையும் பறித்ததோடு, கிணறுகளிலும் உப்புநீரை நிரப்பிச் சென்றது. கிழக்குக் கரையெங்கும் மக்கள் கிணறுகளை இறைத்து இறைத்துத் துப்புரவாக்க முயன்றனர். ஆனால் மிகையாக இறைத்த இடங்களிற் கீழிருந்த உவர்நீர் மேலேறியது. ஈற்றில் அம்மணலைக் கழுவித் தூய்மை செய்தது அடுத்தடுத்துப் பெய்த பருவமழையே.

முன்னர், ‘பாதை’ என்று மக்கள் அழைக்கும் மிதவையின் துணையின்றி ஆற்றுமுகங்களைக் கடந்து இவ்வீதியிற் பயணஞ் செய்தல் அரிது. 2009இல் இறக்கக்கண்டிப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய பாலங்களும் அமைந்தன. பட்டினம் அண்மையதாயிற்று. பாலம் வந்தால் வீடு வரும், விடுதி வரும், கடை வரும். அவை ஒவ்வொன்றும் ஒரு கிணறு தோண்டும். பாலத்தின் நீளத்தைக் கூட்டலாம். வீதியின் அகலத்தைக் கூட்டலாம். மணலுக்கடியில் மிதக்கும் நன்னீரின் அளவை மட்டும் மழையே தீர்மானிக்கின்றது.

ஆதலால், குச்சவெளியில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்று கேட்போர், எத்தனை பேருக்கு அங்கு நல்ல தண்ணீர் உண்டு என்றும், மீண்டு வந்தோருக்கு வளவும் வயலும் கிடைத்தனவா என்றும் சேர்த்தே கேட்டல் வேண்டும். பிட்டியையும் கேணியையும் பார்த்துக் குடியமர்ந்த முன்னோர் அந்தக் கேள்வியைக் கேட்ட பின்னரே தம் ஊர்களுக்குப் பெயரிட்டனர்.